வாத்து கொடுத்த வாக்கு

அந்த வாத்து மூக்குக்கண்ணாடி போட்டிருக்கும். இறக்கையில் ஒரு சின்னத் தோல்பெட்டி தொங்கும். வாரம் ஒரு நாட்டுக்குப் பறந்துபோய், அங்கே ஒரு பிள்ளையைக் கண்டுபிடித்து, உனக்கு என்ன வேணும் என்று கேட்கும். பிள்ளை வெட்கப்படும். பிறகு சொல்லும். வாத்து பெட்டியைத் திறக்கும். ஒரு நாட்டில் தண்ணீர் பம்பு வந்தது. ஒரு நாட்டில் அம்மை ஊசி. இன்னொரு நாட்டில் பாலம். பாலம் எப்படி அந்தப் பெட்டிக்குள் அடங்கியது என்று நாங்கள் சட்டை கிழியச் சண்டை போட்டிருக்கிறோம்.

எழுபதுகளின் பிற்பாதி. ஈப்போ பக்கம், சிம்பாங் பூலாயிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ரப்பர் தோட்டம். தோட்டத்து மண்டபத்தில் ஒரே ஒரு டிவி, கார் பேட்டரியில் ஓடும். பேட்டரி இறங்க இறங்கப் படம் ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வரும். கடைசியில் வாத்து கட்டைவிரல் அளவுக்கு ஆகி, கறுப்புக்கு நடுவில் நின்று, எங்களிடம் மலாயில் பேசும். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் நகர்வோம். வெளியே மழை, தகரத்தில் மழை, மரங்களுக்குள் மழை. உள்ளே உலகம், கட்டைவிரல் அளவு.

அது எந்த நாட்டு வாத்து என்று நாங்கள் கேட்டதே இல்லை. வாத்துக்கு எதற்கு நாடு?

அக்காவுக்கு அப்போது பதினான்கு. எனக்கு மூத்தவள், எனக்கு அடுத்து யாரும் இல்லை. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பை முடித்து, ஈப்போவில் இடைநிலைப் பள்ளியின் புகுமுக வகுப்புக்குப் பஸ் ஏறிப் போய்க்கொண்டிருந்தவள். அம்மாவுக்கு வயிற்றில் அறுத்தார்கள். ரப்பர்ப் பால் வாளி தூக்கக் கூடாது என்றார்கள். அம்மாவை ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்க்கப் போட்டுவிட்டு, அம்மாவின் நிரைக்கு அக்காவை அனுப்பினார் அப்பா. "கொஞ்ச நாளைக்குத்தாம்மா" என்றார். கொஞ்ச நாளுக்கு வயசு ஏறிக்கொண்டே போய் இரண்டு வருஷமாகிவிட்டது. சாயங்காலம் என் மலாய்க் கட்டுரைகளை அக்காதான் எழுதுவாள். நான் கேட்டு அல்ல. புத்தகத்தை என் கையிலிருந்து பிடுங்கி எழுதுவாள். அவள் விரல்களில் காய்ந்த ஒட்டுப்பால் நாற்றம் அடிக்கும், எழுத்து மட்டும் அச்சுக் கோத்ததுபோல் இருக்கும். என் வாத்தியாருக்குத் தெரியும். ஒன்றும் சொன்னதில்லை.

நிரை என்றால் ஓர் ஆளுக்கென்று ஒதுக்கிய மரங்கள். நிரை உள்ளவருக்குத் தோட்டத்தில் ஓர் இடம் உண்டு. இல்லாதவர் விடிகாலையில் வேலை பிரிக்கும் மண்டோர் கைகாட்டும் பக்கம் போக வேண்டியதுதான்: புல்லுக்கு மருந்தடிக்க, தண்ணீர் ஓடக் கான் வெட்ட. யாருக்கு எந்த நிரை என்பது பெரட்டில் முடிவாகும். இருட்டோடு ஆபீசுக்கு முன்னால் எல்லாரும் வரிசை கட்டி நின்று பேர் கொடுப்போமே, அதுதான் பெரட்டு. துரை சொல்வார், ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி அதைத் தமிழில் உரக்கச் சொல்வார், முடிந்தது. காகிதம் கிடையாது, கையெழுத்து கிடையாது. எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது, காது இருந்தது. அத்தனை காதில் விழுந்த சொல்லைப் பிறகு துரையே நினைத்தாலும் விழுங்க முடியாது. கல்யாணப் பேச்சைக்கூடப் பெரட்டு முடிந்த கையோடு அங்கேயே நின்று பேசி உறுதி செய்தவர்கள் உண்டு. அந்தக் களத்து மண்ணுக்கு அப்படி ஒரு மவுசு.

ஒரு நாள் கிராணி பெரட்டில் சொன்னார்: "டிவில வர்ற வாத்து நம்ம தோட்டத்துக்கு வருது. படம் புடிக்க வாராங்க. பிள்ளைங்கள குளிப்பாட்டி வைங்க."

அன்றைக்கு முழுக்க லயத்து வீடுகளில் அதே பேச்சு.

"ஏய், வாத்துக்கு என்னா ஆக்கிப் போடுவ?" என்று குழாயடியில் யாரோ கேட்க, எதிர் லயத்துச் சின்னம்மா, "வாத்தையே ஆக்கிப் போட்டுற வேண்டியதுதான்லா" என்றார். எங்களுக்கு அழுகையே வந்துவிட்டது.

வேனில் வந்தார்கள். ஒரு வெள்ளைக்கார அம்மா, கேமராக்காரர் ஒருவர், தாடி வைத்த ஓர் ஆள். தாடிக்காரர் ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளே வாத்து மல்லாந்து கிடந்தது. டிவியில் வெள்ளையாகத் தெரிந்தது நேரில் ஆரஞ்சு நிறம். வயிற்றுக்குக் கீழே துணி தொளதொளவென்று, ஒரு பொத்தல். அந்தப் பொத்தலுக்குள் அவர் கையை விட்டார். முழங்கை வரைக்கும் போனது. வாத்து எழுந்து எங்களைப் பார்த்தது. சின்னப் பிள்ளைகள் சிரித்தன. நான் சிரிக்கவில்லை. பொத்தலைப் பார்த்தவளுக்கு எப்படிச் சிரிப்பு வரும்.

பெரட்டுக் களத்தில் எங்களை நிறுத்தி, பெரியவர்களையும் பின்னால் வரிசையில் நிற்கச் சொன்னார்கள். காலை வெளிச்சம் நன்றாக விழும் இடம் அதுதானாம். அந்த அம்மாவுக்கு அது வெளிச்சம் விழும் இடம், அவ்வளவுதான். கேமரா எங்கள் முகங்களின் மேல் ஊர்ந்து அக்காவிடம் நின்றது. ஏன் அவள்? அவளுக்குக் கண் பெரிது. தலையில் துணி கட்டி, கையில் பால் வாளியோடு நேரே நிரையிலிருந்து வந்திருந்தாள். படத்துக்கு எடுப்பாக இருந்திருக்கும்.

வாத்து கேட்டது. கிராணி தமிழில் சொன்னார். "உனக்கு என்ன வேணும்னு கேக்குது."

என்ன சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே கிராணி சொல்லிக்கொடுத்திருந்தார்: பந்து வேணும் என்று சொல்ல வேண்டும். பெட்டிக்குள் ரப்பர் பந்து தயாராக இருந்தது. எங்கள் மரத்துப் பால் அவர்கள் நாட்டுக்குப் போய்ப் பந்தாகத் திரும்புகிறது, ஆகவே நாம் சிநேகிதர்கள். அதுதான் அன்றைய கதை.

அக்கா சொன்னாள்: "பள்ளிக்கூடம் போவணும்."

கிராணி மொழிபெயர்க்கத் தயங்கினார். பிறகு சொன்னார். அந்த அம்மாவின் முகம் விரிந்ததை நான் பார்த்தேன். நல்ல முகம் அது, இன்றைக்கும் அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. தாடிக்காரரிடம் என்னவோ விறுவிறுவென்று பேசினார். கேமரா மறுபடியும் ஓடியது. வாத்து அக்காவின் தோளில் இறக்கையைப் போட்டது, பேசியது. கிராணி பழக்கதோஷத்தில், பெரட்டில் துரையின் சொல்லைச் சொல்வாரே அதே குரலில், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னார்:

"இந்தப் பிள்ளை இனிமே பள்ளிக்கூடம் போவும். சிநேகித நாடு அதுக்கு ஒதவி செய்யும்."

அப்பா தலைத்துணியை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு கும்பிட்டார். வாத்தையா, அம்மாவையா, கேமராவையா, தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வேன் வந்து அக்காவை ஈப்போவுக்குக் கூட்டிப்போனது. கிராணி மகளின் பள்ளிச் சீருடையைக் கொடுத்தார்கள். நீல உடுப்பு, இடுப்பில் கொஞ்சம் தொங்கியது, ஊக்கு குத்தினார்கள். ஒரு பெரிய பள்ளியின் வாசலில் உள்ளே நடக்கச் சொன்னார்களாம். திரும்பி வந்து மறுபடி நடக்கச் சொன்னார்களாம். வெறும் வகுப்பில் உட்கார்த்திக் கரும்பலகையைப் பார்க்கச் சொன்னார்களாம். "பலகையில ஒண்ணுமே எழுதல. ஆனா பாத்தேன்" என்றாள். அன்றிரவு அவள் பேசிக்கொண்டே இருந்தாள். நான் தூங்கிப்போனேன்.

திங்கட்கிழமை பெரட்டில் அப்பா மண்டோரிடம் போய் நின்றார். "மண்டோரண்ணே, என் மவ நிரைய வேற யாருக்கும் குடுத்துருங்க. அது பள்ளிக்கூடம் போவுது." மண்டோருக்கும் சந்தேகம் இல்லை. பெரட்டில் சொன்னதாயிற்றே. புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒரு பெண்ணுக்கு அந்த நிரை போனது. எங்கள் தோட்டத்தில் யார் செய்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பார்கள். வெளியாள் யாருக்கும் இந்தப் பிசகு வராது. வெளியாளுக்குக் களம் வெறும் களம்.

அக்கா வீட்டில் இருந்தாள். கூட்டினாள், கழுவினாள், என் பழைய புத்தகங்களை வாசித்தாள். வேன் வரும் என்று பார்த்தாள். பிறகு ஆள் வரும் என்று பார்த்தாள்.

வந்தது வாத்துதான். மண்டபம் பிதுங்கி வழிந்தது. பேட்டரியை அன்று புதிதாகச் சார்ஜ் ஏற்றி வைத்திருந்தார்கள். எங்கள் களம் டிவிக்குள் இருந்தது, எங்கள் மரங்கள், எங்கள் வேட்டிகள், என் மூக்குகூட ஓர் ஓரத்தில். அக்கா வாய் திறந்தாள். அவள் சொன்னது இரண்டே சொல். டிவியில் வேறொரு பெண்பிள்ளையின் குரல் நல்ல மலாயில் நீளமாகப் பேசியது: எங்கள் தோட்டம் முன்பு ஏழையாக இருந்தது, இப்போது தூரதேசத்துச் சிநேகிதர்கள் எங்களை மறக்கவில்லை, நான் படித்துப் பெரியவளாகி அவர்கள் நாட்டைப் போய்ப் பார்ப்பேன். அக்காவின் உதடு நின்ற பிறகும் அந்தக் குரல் நிற்கவில்லை. பிறகு நீல உடுப்பு. வாசல். நடை. கரும்பலகை. அதில் இப்போது எழுத்து இருந்தது. அக்கா போன பிறகு யாரோ எழுதிவைத்துத் தனியாகப் படம் பிடித்திருக்கிறார்கள்.

மண்டபத்தில் கைதட்டு. "ஏ, நம்ம புள்ள ஈப்போல படிக்குதுலா!" என்று ஒருவர் கத்தினார். அக்கா அவருக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்தாள். அவர் அவளைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார், மறுபடியும் டிவியைப் பார்த்துக் கைதட்டினார்.

எதிர் லயத்துச் சின்னம்மா மட்டும் குனிந்து கேட்டார்: "எப்ப கெளம்புற?"

"வருவாங்க சின்னம்மா."

வரவில்லை. அப்பா கிராணியிடம் கேட்டார். "அவங்க அன்னிக்கே போயாச்சுலா. இப்ப ஆப்பிரிக்காவுல இருப்பாங்க. நான் என்னா செய்ய? சொன்னத சொன்னேன்."

அப்பா ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டு ஈப்போ கிளம்பினார். பள்ளி விடுமுறை, நானும் ஒட்டிக்கொண்டேன். சிம்பாங் பூலாய் வரைக்கும் நடை, அங்கிருந்து பஸ், சுண்ணாம்பு மலைகள் ஜன்னலோடு கூடவே ஓடிவந்தன. படம் பிடித்த அதே பள்ளி. ஆபீசில் இருந்தவர் கவுன் போட்ட ஒரு தமிழ் அம்மா, கழுத்தில் சிலுவைச் சங்கிலி. அக்காவைப் பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"நீ டிவில வந்த பிள்ளைதானே! எங்க வீட்டுல எல்லாரும் பாத்தோம். எந்த வகுப்புல இருக்க? நான் பாக்கவே இல்லையே."

அப்பா சொன்னார், இன்னும் சேர்க்கவில்லை, சேர்க்கத்தான் வந்திருக்கிறோம் என்று. அந்த அம்மாவின் சிரிப்பு மெல்ல இறங்கியது. நாற்காலி போட்டார். எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். கெட்டவர் இல்லை. இந்தக் கதையில் கெட்டவர் என்று எனக்கு யாருமே அகப்படுவதில்லை, அதனால்தான் எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது.

"ஐயா, அவங்க ஞாயித்துக்கெழம எடத்தக் கேட்டாங்க, குடுத்தோம். பிள்ளையச் சேக்குறதப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லல. ரெண்டு வருஷம் விட்டுப்போச்சுன்னா வயசு ஒத்துவராது. தனியாப் பரீட்ச எழுதலாம். ராத்திரி வகுப்பு எங்கயாச்சும் இருக்கும்."

"பெரட்டுல சொன்னாங்கம்மா" என்றார் அப்பா.

"எதுல?"

"பெரட்டுல. எல்லாரும் இருந்தாங்க. கிராணியே சொன்னாரு."

அந்த அம்மா அப்பாவின் முகத்தையே பார்த்தார். அவருக்குப் பெரட்டு என்றால் என்னவென்று தெரியவில்லை. அப்பாவுக்கு அதை எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. இரண்டு பேரும் தமிழ்தான் பேசினார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மலைகள் பின்னால் ஓடின.

மறுநாள் இருட்டில் அவள் பெரட்டுக்குப் போனாள். அம்மா என்னிடம் தண்ணீர் போத்தலைக் கொடுத்து அவள் பின்னால் அனுப்பினார், அதனால் நானும் அங்கே இருந்தேன். மண்டோர் சங்கடப்பட்டார். நிரை கைமாறிவிட்டது. அந்தப் புதுப்பெண்ணிடமிருந்து பிடுங்க முடியாது. ஆனால் மேட்டில் ஒரு நிரை காலியாக இருந்தது. கிழட்டு மரங்கள், பால் குறைவு.

"தர்றேன். ஆனா இந்தப் புள்ள பள்ளிக்கூடம் போவுதுன்னு பெரட்டுல சொல்லியாச்சு. நாளைக்கு வேன் வந்து கூட்டிட்டுப் போயிட்டா மேட்டு நிரை சும்மா கெடக்கும், தொரை என்னையத்தான் கேப்பாரு. பெரட்டுல சொன்னத பெரட்டுலதான் திருப்பணும். புள்ளையே சொல்லட்டும்."

அப்பா பக்கத்தில்தான் நின்றார். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிராணி கைவிளக்கை அக்காவின் பக்கம் திருப்பினார். வரிசைகள் காத்திருந்தன, எல்லாருக்கும் வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. யாரோ இருமினார்கள். அக்கா, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி, சொன்னாள்:

"எனக்குப் படிப்பு வேணாம். நான் பள்ளிக்கூடம் போவல."

"சரி, மேட்டு நிரைக்குப் போ" என்றார் மண்டோர்.

அவ்வளவுதான். அடுத்த பேர் கூப்பிட்டார்கள்.

எண்பதுகள் எங்களை அங்கிருந்து பெயர்த்தெடுத்தன. ரப்பரை வெட்டிச் சாய்த்தார்கள், எண்ணெய்க்கான செம்பனை வந்தது, லயங்களைப் பூட்டினார்கள். நாங்கள் ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில், மலைச் சுவருக்கு அடியில், ஒரு வரிசை வீட்டுக்கு வந்தோம். அக்கா தொழிற்சாலை வேலைக்குப் போனாள். நான் இடைநிலைப் பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்து ஓர் அச்சகத்தில் சேர்ந்தேன், எழுத்துப் பிழை பார்க்க. கண்ணில் படும் எழுத்தையெல்லாம் வாசித்துத் தொலைக்கும் வியாதி எனக்கு அங்கேதான் வந்தது.

அந்த வியாதியோடு ஒரு மத்தியானம் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். பழைய வாத்து. மறுஒளிபரப்பு. இப்போது வண்ணத்தில். வந்தது எங்கள் வாரமேதான். களம் சிவப்பாக இருந்தது, நீல உடுப்பு நீலமாக இருந்தது. தோட்டத்து மண்டபத்தில் வாத்து பறந்து போனதுமே நாங்கள் எழுந்து ஓடிவிடுவோம். பேட்டரியை மிச்சம் பிடிக்க யாராவது டிவியை நிறுத்திவிடுவார்கள். இன்றைக்கு யாரும் நிறுத்தவில்லை. பாட்டு ஓடியது, எழுத்துகள் ஏறின, கடைசியில் ஆங்கிலத்தில் ஒரு வரி நின்றது. இந்தத் தொடர் அந்த நாட்டு வெளியுறவு அமைச்சின் தகவல் பிரிவுக்காகத் தயாரிக்கப்பட்டது என்றது.

மறைக்கவே இல்லை. ஒவ்வொரு வாரமும் எழுதிக் காட்டியிருக்கிறார்கள்.

பம்பும் ஊசியும் பாலமும் என் கண் முன்னால் வரிசையாக வந்து நின்றன. எங்கெங்கே துறைமுகம் தேவைப்பட்டதோ, எங்கெங்கே ஐ.நா.வில் ஓர் ஓட்டு தேவைப்பட்டதோ, அங்கெல்லாம் அந்தத் தோல்பெட்டி பறந்திருக்கிறது. எங்களிடம் அப்போது ரப்பர்ப் பாலும் வெள்ளீயமும் இருந்தன. மலைக்காட்டில் இன்னும் கம்யூனிஸ்டுகளின் துப்பாக்கிகள் இருந்தன. எங்கள் பிள்ளைகள் எந்தப் பக்கம் சாயும் என்று யாரோ ஒரு மேசையில் உட்கார்ந்து கவலைப்பட்டிருக்கிறார்கள். கவலைக்கு ஆரஞ்சு நிறத் துணியில் சட்டை தைத்து, அதன் வயிற்றுக்குள் கையை விட்டிருக்கிறார்கள். நான் அந்த வாத்தை நேசித்தவள். என்னைப் பார்த்து அது கண் சிமிட்டியதாக நம்பியவள். ஓர் அமைச்சின் கையா என்னைப் பார்த்துச் சிமிட்டியது?

சமையலறைக்கு ஓடினேன். அக்கா கெம்போங் மீன் அலசிக்கொண்டிருந்தாள். மூச்சு விடாமல் சொன்னேன்.

"அதுக்கு என்னா இப்ப?" என்றாள்.

"என்னாவா? உன்ன வச்சு ஒரு கவர்மெண்டு பொய் சொல்லியிருக்குக்கா!"

"அவங்க எனக்கு யாரு? மாமனா, மச்சானா? வந்தாங்க, படம் புடிச்சாங்க, போனாங்க. பொய் சொல்லத்தான் வந்தாங்கன்னா அது அவங்க பொழப்பு. எத்தன வருஷமா நீ அந்த வெள்ளைக்காரியவே திட்டிட்டு இருக்க, கேட்டுக் கேட்டுக் காது புளிச்சிப்போச்சு."

மீனைப் புரட்டினாள். செவுளைப் பிய்த்தாள்.

"அன்னிக்கு என்னையச் சொல்ல வச்சது யாரு? அவளா? அப்பா பக்கத்துல நின்னாரு. நிரைய வேணாம்னு சொன்னது அவரு. திருப்பிக் கேக்குறதும் அவரே கேட்டிருக்கலாம். 'வேன் வரலண்ணே, மோசம் போயிட்டோம், புள்ளைக்கு நிரை குடுங்க'ன்னு ஒரு வார்த்த. மண்டோரு குடுத்திருப்பாரு. மோசம் போனோம்னு நாலு பேரு முன்னால சொல்ல அப்பாவுக்கு வெக்கமா இருந்துச்சு. அதனால நான் படிப்பு வேணாம்னு சொன்னேன்."

"அக்கா..."

"பொறவு சிம்பாங் பூலாய்ல ராத்திரி வகுப்பு வந்துச்சு. நீயே சொன்ன, போக்கான்னு. நான் எப்படிப் போவ? அத்தன பேரு காதுல விழப் படிப்பு வேணாம்னவ, எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் புஸ்தகம் தூக்கிட்டுப் போவ?"

குரலை அவள் தாழ்த்தவில்லை. முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு திரைதான். திரைக்கு அந்தப் பக்கம் அப்பா நாற்காலியில் இருந்தார். டிவியில் வேறு ஏதோ ஓடிக்கொண்டிருந்தது, குதிரைகளோ, கார்களோ. நாற்காலி கிரீச்சிடவில்லை.

நான் அமைச்சு, தகவல் பிரிவு என்று மறுபடியும் ஆரம்பித்தேன். அக்கா கையைக் கழுவிப் பாவாடையில் துடைத்தாள்.

"மணி ஆச்சு. அப்பாவுக்குச் சோத்தப் போடு, போ" என்றாள். "மீனு வேக நேரமாவும். ரசம் இருக்கு."